பழைய திரியைத் தூண்டும் முன்

விளக்குத் திரியைத் தூண்டுகிறவர் முதலில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார். இணைய மன்றங்களிலும் திரிகள் உண்டு: ஒருவர் எழுதிய பதிவும் அதன் கீழே வரும் மறுமொழிகளும் சேர்ந்தது ஒரு திரி. அங்கே பழைய திரியைத் தூண்டுகிறவர்கள், அதாவது அதில் மறுபடி எழுதுகிறவர்கள், பலர் அதைப் பார்ப்பதில்லை. தேடுபொறி வழியாக வந்து, தேதியைக் கவனிக்காமல், கடைசிப் பக்கம் வரை போகாமல், "எனக்கும் இதே பிரச்சினை, யாராவது சொல்லுங்கள்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறார்கள். அரை மணி நேரத்தில் "இது 2015 திரி, தேதியைப் பார்த்தீர்களா?" என்று ஒருவர் வருவார். "புதியவர், விடுங்கள்" என்று இன்னொருவர் வருவார். கேட்ட கேள்வி மட்டும் அப்படியே கிடக்கும்.

பழைய திரியில் எழுதவே கூடாது என்பதல்ல. சில நேரம் அங்கேதான் எழுத வேண்டும். "முதலில் தேடிப் பார்" என்று புதியவரை விரட்டிவிட்டு, அவர் தேடிக் கண்டுபிடித்த திரியில் எழுதியதும் "ஏன் இதைத் தோண்டினாய்" என்று திட்டுவது மன்றங்களின் பழைய நோய். இரண்டு வசவுக்கும் நடுவே போகும் வழியைப் பார்ப்போம்.

மேலே வருவது எப்படி, எரிச்சல் எதனால்

மன்ற மென்பொருள்களில் பெரும்பாலானவை திரிகளைத் தொடங்கிய தேதிப்படி அடுக்குவதில்லை. கடைசி மறுமொழி வந்த நேரப்படி அடுக்குகின்றன. அதனால் ஒரு சொல் எழுதினாலும் போதும், 2013இல் உறங்கிப்போன திரி பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும். இதற்குப் பெயர் 'பம்ப்'. செத்த திரியை எழுப்புவதால் 'நெக்ரோ' என்ற கிண்டலும் உண்டு.

ஒரு பக்கத்துக்கு 20, 25 திரிகள்தான் இடம் என்றால், பழையது ஒன்று உள்ளே வரும்போது இன்று காலை யாரோ கேட்ட கேள்வி அடுத்த பக்கத்துக்குப் போகிறது. அந்தத் திரியை அன்று பின்தொடர்ந்து, பிறகு மறந்தே போனவர்களுக்கெல்லாம் அறிவிப்பு பறக்கிறது. ஒருவரின் ஒரு வரிக்காக 40 பேர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார்கள்.

அதைவிடத் தொல்லையானது அடுத்தது. பட்டியலில் 'கடைசிப் பதிவு: இன்று' என்று தெரிவதால், உள்ளே வருகிறவர்கள் முதல் பதிவைப் படித்து அதற்கே பதில் எழுதத் தொடங்குகிறார்கள். கேட்டவர் அந்தக் கருவியையே தூக்கிப்போட்டு 5 ஆண்டு ஆகியிருக்கும். உங்கள் கேள்வி கடைசியில் இருப்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை. பழைய திரியில் கேட்டால் பதில் கிடைக்காததற்கு முதல் காரணம் இதுதான், பழைய உறுப்பினர்களின் முறைப்பு அல்ல.

காலாவதியான அறிவுரை புதிது போல மேலே வருவதும் உண்டு. மருந்து அளவு, மின்வேலை, வரி விதி, கடவுச்சொல் பாதுகாப்பு போன்றவற்றில் அன்று சரியாக இருந்தது இன்று தீங்காக முடியலாம். நீங்கள் அந்த அறிவுரையைச் சொல்லவில்லை. ஆனால் அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தவர் நீங்கள்.

மறுமொழி எழுதினாலே மேலே வரும் என்ற சங்கடத்துக்கு ஜப்பானின் 2சேனல் தளம் ஒரு வழி வைத்திருந்தது. மின்னஞ்சல் கட்டத்தில் 'சகே' என்று எழுதிப் பதிந்தால் திரி இருந்த இடத்திலேயே இருக்கும். 'இறக்கு' என்ற பொருளில் வரும் சொல் அது. பிறகு 4சான் போன்ற, படம் போட்டுப் பேசும் பலகைகளும் அதை எடுத்துக்கொண்டன. சாதாரண மன்றங்களில் இந்த வசதியைப் பார்ப்பது அரிது.

எத்தனை நாள் ஆனால் பழையது

ஒரே கணக்கு கிடையாது. சிம்பிள் மெஷின்ஸ் ஃபோரம் மென்பொருளில் 120 நாள் யாரும் எழுதாத திரியில் பதில் எழுதப் போனால், புதுத் திரி தொடங்கலாமே என்று ஓர் எச்சரிக்கை வரும். டிஸ்கோர்ஸ் என்ற இன்னொரு மன்ற மென்பொருளில் அது 180 நாள். உங்கள் பதில் திரியை மேலே ஏற்றும், முன்பு பேசியவர்களுக்கு அறிவிப்பு போகும் என்று சொல்லி, "தொடரலாமா?" என்று கேட்கும். இரண்டு எண்ணையும் நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். ரெடிட்டில் 6 மாதம் கடந்த பதிவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும் வழக்கம் 2021 வரை இருந்தது. இப்போது அந்தந்தக் குழுவே முடிவு செய்கிறது.

நிரலாளர்கள் கூடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நேர் எதிர். அங்கே கேள்வி வந்து 60 நாளுக்குப் பிறகு எழுதிய பதில் 5 புள்ளி பெற்றால் 'நெக்ரோமேன்சர்' என்று பதக்கமே கொடுக்கிறார்கள். மற்ற இடத்தில் வசவாக இருக்கும் பெயர் இங்கே பட்டம். காரணம் எளிது: அது உரையாடல் தளமல்ல, கேள்வி பதில் களஞ்சியம். 2009இல் கேட்ட கேள்விக்கு இன்று நல்ல பதில் வந்தால் களஞ்சியத்துக்கு லாபம். ஆனால் அங்கும் "நன்றி, வேலை செய்தது" என்பதைப் பதில் பெட்டியில் எழுதினால் நீக்கிவிடுவார்கள்.

விதி எழுதாத மன்றத்தில் ஒரு சின்னச் சோதனை போதும். அந்தப் பகுதியின் முதல் பக்கத்துக்குப் போய், எப்போதும் உச்சியிலேயே இருக்கும்படி ஒட்டிவைத்த திரிகளை விட்டுவிட்டு, கடைசியாக நிற்கும் திரியின் தேதியைப் பாருங்கள். அது நேற்றைய தேதி என்றால் அங்கே 3 மாதத் திரி தொன்மையானது. அது போன ஆண்டுத் தேதி என்றால் 2 ஆண்டுத் திரிகூட அங்கே இளசு. பகுதியின் ஓட்டத்தைப் பார்க்காமல் நாட்களை மட்டும் எண்ணுவதில் பொருளில்லை.

என்ன வகைத் திரி

வயதைவிட வகை முக்கியம்.

'இப்போது என்ன படிக்கிறீர்கள்', 'உங்கள் மேசையின் படம்', ஒரு குறிப்பிட்ட கருவியைப் பற்றிய பொதுத் திரி, ஒருவர் படிப்படியாகச் செய்யும் வேலையின் பதிவேடு போன்றவை தொடர் திரிகள். இவற்றுக்கு வயதே கிடையாது. 3 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு எழுதினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். புதிதாக இன்னொன்று தொடங்கினால்தான் மன்றத்தை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர் வந்து பழையதோடு இணைப்பார்.

தீர்வு காணாத கேள்வி, அதற்கு உங்களிடம் இப்போது விடை இருக்கிறது என்றால் தயங்காமல் எழுதுங்கள். அதே பிழைச் செய்தியைத் தேடி மாதம் 10 பேர் அந்தப் பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டு திரும்பியிருப்பார்கள். அவர்களுக்குப் பிறகு வரப்போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதில். அதிலும் "நானே சரிசெய்துவிட்டேன், நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டு, எப்படி என்று சொல்லாமல் போய்விட்ட திரி என்றால் நீங்கள் செய்வது புண்ணியம்.

திரியில் ஆபத்தான தவறு இருந்தாலும் எழுதலாம். திறக்காமல் செத்துப்போன இணையச் சுட்டிக்குப் பதிலாக வேலை செய்யும் சுட்டி கிடைத்தாலும் எழுதலாம். பழைய கையேடு, மாற்றுப் பாகத்தின் எண், மின்சுற்று வரைபடம் போன்றவை கிடைத்தால் 10 ஆண்டுத் திரியிலும் அதற்கு வரவேற்பு இருக்கும். 2017இல் ஃபோட்டோபக்கெட், தன்னிடம் ஏற்றிய படங்களைப் பிற தளங்களில் காட்டுவதைக் கட்டணச் சேவையாக்கியபோது, ஆயிரக்கணக்கான செய்முறைத் திரிகளில் படங்கள் திடீரென்று மறைந்தன. இப்போது அந்தத் திரிகள் பலவற்றில் "கீழே உள்ள படத்தைப் பாருங்கள்" என்ற வரி மட்டும் இருக்கிறது, படம் இல்லை. உங்களிடம் அதே வேலையின் படங்கள் இருந்தால் அவற்றைச் சேர்ப்பது திரிக்கு உயிர் கொடுப்பதுதான்.

விற்பனைத் திரியைத் தொடாதீர்கள். "இன்னும் இருக்கிறதா?" என்று 4 ஆண்டுக்குப் பிறகு கேட்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது, பயன் ஏதுமில்லை. பொருள் போயிருக்கும், விலையும் மாறியிருக்கும். மிகவும் வேண்டுமென்றால் விற்றவருக்குத் தனிமடல் அனுப்புங்கள்.

சூடான விவாதத் திரிகளும் அப்படித்தான். அன்று அடித்துக்கொண்டவர்கள் இன்று சமாதானமாக அதே பகுதியில் உலவுவார்கள். 2018இல் அவர் சொன்னதற்கு இன்று பதிலடி கொடுத்தால் உங்கள் வாதம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது தோண்டியெடுத்த சண்டைதான். அவர் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கவும் கூடும்.

மிகக் கவனமாக இருக்க வேண்டிய வகை ஒன்று உண்டு: ஒருவர் தன் உடல்நிலை, மணமுறிவு, வேலையிழப்பு, துக்கம் பற்றி ஆலோசனை கேட்ட திரி. எழுதியவர் அந்தக் காலத்தைக் கடந்து வந்திருப்பார், அல்லது கடக்காமலே போயிருப்பார். "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று நீங்கள் அன்போடு கேட்டாலும், அவருடைய பழைய பதிவு அனைவர் கண்முன்னும் மறுபடி விரிகிறது. நலம் கேட்கத் தனிமடல் இருக்கிறது. உங்களுக்கே அதே நிலை என்றால் உங்கள் கதையை உங்கள் திரியில் எழுதுங்கள். இரங்கல் திரியில் ஆண்டு நினைவாக எழுதும் வழக்கம் சில மன்றங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. நெருங்கிப் பழகியவர்கள் தொடங்கட்டும் என்று விட்டுவிடுவது நல்லது.

எழுதும் முன் ஐந்து நிமிடம்

முதலில் தேதி. பல மன்றங்கள் '6 ஆண்டுக்கு முன்' என்று மங்கலாகத்தான் காட்டும். கணினியில் அதன்மேல் மவுஸை வைத்தாலோ, கைப்பேசியில் அதை அழுத்திப் பிடித்தாலோ பெரும்பாலும் முழுத் தேதி தெரியும். முதல் பதிவின் தேதி, கடைசிப் பதிவின் தேதி இரண்டையும் பாருங்கள். 2012இல் தொடங்கிப் போன மாதம் வரை ஓடிய திரி பழைய திரியே அல்ல.

பிறகு கடைசிப் பக்கம். தேடுபொறி உங்களைத் திரியின் நடுவில் எங்கோ இறக்கிவிட்டிருக்கும். 7 பக்கத் திரியில் 2ஆம் பக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்ட கேள்விக்கு 5ஆம் பக்கத்தில் பதில் இருப்பது வழக்கமான கதை. முழுதும் படிக்க நேரமில்லை என்றால் கடைசி இரண்டு பக்கங்களையாவது படித்து, திரிக்குள் தேடும் பெட்டியில் உங்கள் பிழை எண்ணையோ பாகத்தின் பெயரையோ போட்டுப் பாருங்கள். சில மென்பொருள்களில் தீர்வான பதிவுக்குப் பச்சைக் குறி இருக்கும்.

நீங்கள் கேட்க நினைப்பது ஒரு குறிப்பிட்ட ஆளிடம் என்றால் அவருடைய பக்கத்துக்குப் போய் 'கடைசியாக வந்தது' என்ற தேதியைப் பாருங்கள். 2019க்குப் பிறகு வரவில்லை என்றால் அவரை விளித்து எழுதுவது காற்றோடு பேசுவது. பெயருக்குப் பதில் 'விருந்தினர்' என்று இருந்தால் கணக்கே நீக்கப்பட்டிருக்கலாம்.

செத்த சுட்டி உங்கள் சிக்கல் என்றால், "சுட்டி வேலை செய்யவில்லை, யாராவது மறுபடி ஏற்றுங்கள்" என்று எழுதுவதற்கு முன் அந்த முகவரியை நகலெடுத்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். பல நேரம் பக்கம் அங்கே இருக்கும். கிடைத்தால் இரட்டை லாபம்: உங்கள் சிக்கலும் தீர்ந்தது, திரியில் சேர்க்க உருப்படியான ஒரு வரியும் கிடைத்தது.

கடைசியாக, மன்ற விதிகள். ஒட்டிவைத்த திரிகளில் 'பழைய திரிகள்' பற்றி ஒரு பத்தி இருக்கிறதா என்று ஒரு பார்வை. திரியே பூட்டியிருந்தால் பேச்சில்லை.

புதுத் திரியா, பழையதா

இங்கே ஒரே கேள்விதான் தீர்மானிக்கும்: நான் எழுதப்போவது இந்தத் திரிக்கு வருகிற எல்லோருக்கும் பயன்படுமா, எனக்கு மட்டுமா? எல்லோருக்கும் என்றால் பழையது. எனக்கு மட்டும் என்றால் புதியது.

"எனக்கும் இதே சிக்கல்" என்பவர்களில் பலருக்கு உண்மையில் இதே சிக்கல் இல்லை. அறிகுறி ஒன்று, காரணம் வேறு. பழைய திரியின் நடுவில் இரண்டாவது நோயாளி வந்து படுத்தால் யாருக்கு எந்த மருந்து சொன்னார்கள் என்பதே குழம்பிவிடும். ஐந்தாவது பதிலில் சொன்ன திருகாணி அளவு யாருடைய கருவிக்கு என்று பிறகு வருகிறவருக்குத் தெரியாது. அதனால் வெவ்வேறு பதிப்பு, வெவ்வேறு மாதிரி, வெவ்வேறு சூழல் என்றால் தயங்காமல் புதுத் திரி.

புதுத் திரியில் பழையதைக் குறிப்பிட வேண்டும். அதற்குச் சுட்டி கொடுக்கும்போது பக்க எண்ணைச் சொல்லாதீர்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பதிவு என்பதைப் பயனரே மாற்றிக்கொள்ளும் மன்றங்கள் உண்டு. உங்கள் 4ஆம் பக்கம் இன்னொருவருக்கு 2ஆம் பக்கம். பதிவின் மூலையில் இருக்கும் எண்ணையோ தேதியையோ அழுத்தினால் அந்தப் பதிவுக்கான நிலையான சுட்டி கிடைக்கும், அதைக் கொடுங்கள். மன்றம் வேறு மென்பொருளுக்கு மாறினால் அந்தச் சுட்டியும் உடையலாம் என்பதால் முக்கியமான இரண்டு வரியை மேற்கோளாகவும் எடுத்துப் போடுங்கள். டிஸ்கோர்ஸில் பதில் எழுதும் பெட்டியின் மூலையில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் பழையதோடு இணைத்தே புதுத் திரி தொடங்கும் வசதி இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை.

எழுதும் விதம்

ஓர் எடுத்துக்காட்டு. மடிக்கணினி தூக்கத்திலிருந்து எழுந்ததும் வைஃபை வருவதில்லை என்று 2016இல் ஒருவர் கேட்ட திரி. 14ஆம் பதிவில் விடை இருக்கிறது: விண்டோஸின் சாதன மேலாளரில் வைஃபை அட்டையின் பண்புகளைத் திறந்து, மின் மேலாண்மைத் தாவலில் 'மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்' என்ற குறியை நீக்குங்கள். எல்லோரும் நன்றி சொல்லிக் கலைந்துவிட்டார்கள். உங்கள் புதிய கணினியில் அந்தத் தாவலே இல்லை.

பெரும்பாலோர் எழுதுவது:

"எனக்கும் இதே பிரச்சினை. அந்தத் தாவல் இல்லை. அவசரம், உதவுங்கள்."

இதில் எந்த அட்டை, எந்தப் பதிப்பு, என்ன செய்து பார்த்தார் என்பது எதுவும் இல்லை. 'அந்த' என்றால் எது என்று அறிய 30 பதிவுகளைப் படிக்க வேண்டும்.

இப்படி எழுதலாம்:

"2016 திரி என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். 14ஆம் பதிவின் தீர்வைத் தேடி இங்கே வருகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். மாடர்ன் ஸ்டேண்ட்பை என்ற தூக்க முறை உள்ள புதிய மடிக்கணினிகளில் மின் மேலாண்மைத் தாவல் பெரும்பாலும் தென்படாது, அதனால் அந்த வழி அவற்றில் செல்லாது. என் கணினியும் அந்த வகை. தயாரிப்பாளர் தளத்திலிருந்து வைஃபை இயக்கியின் புதிய பதிப்பை நிறுவினேன், 3 வாரமாகச் சிக்கல் இல்லை. அட்டையின் பெயரும் இயக்கியின் பதிப்பு எண்ணும் கீழே."

முதல் வாக்கியமே தேதி பற்றிக் கேட்கும் வாயை அடைத்துவிடுகிறது. அடுத்து, யாருக்காக எழுதுகிறார் என்று தெரிகிறது. பழைய தீர்வு எந்த இடத்தில் நிற்காமல் போகிறது, ஏன், புதியது என்ன, எவ்வளவு நாள் பார்த்தார் என்று எல்லாம் 6 வரியில் வந்துவிட்டது. யாரும் பதில் எழுதாவிட்டாலும் இந்தப் பதிவு வீணாகாது. அதுதான் பழைய திரியில் எழுதும் பதிவுக்கு உரைகல்: பதில் வராமலே பயன்பட வேண்டும். தீர்வு கிடைக்காமல் கேள்வி மட்டும் இருந்தால் அது புதுத் திரிக்கு உரியது.

மேற்கோள் விஷயத்தில் 1995இல் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பு சொன்னதே இன்றும் சரி: பொருள் புரியும் அளவுக்கு மட்டும் எடுங்கள். 60 வரிப் பதிவை முழுதாக எடுத்துப் போட்டுக் கீழே "சரியாகச் சொன்னீர்கள்" என்று எழுதினால், கைப்பேசியில் படிக்கிறவர் விரலால் தள்ளியே ஓய்ந்துவிடுவார். அன்று பேசிய 5 பேரையும் பெயர் சுட்டி அழைக்காதீர்கள். ஒருவர், அதுவும் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்றால்.

நன்றி சொல்ல மட்டும் திரியைத் தூண்ட வேண்டாம். விருப்பக் குறியோ தனிமடலோ போதும். நிரலாளர்கள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப்பில் "எனக்கும்", "+1" என்ற வரிகள் குவிந்து பின்தொடர்வோரின் அஞ்சல்பெட்டியை நிறைத்ததால்தான் 2016இல் கட்டைவிரல் குறிகளைக் கொண்டுவந்தார்கள். ஆனால் "வேலை செய்தது, 2024 பதிப்பில், இந்த ஒரு மாற்றத்தோடு" என்பது நன்றி அல்ல, தகவல். அதை எழுதுங்கள்.

புதிய உறுப்பினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளம்பரக்காரர்கள் விரும்பி வருவது பழைய திரிகளுக்குத்தான். தேடுபொறியில் அவற்றுக்கு நல்ல இடம் இருக்கும், காவலும் குறைவு. "அருமையான தகவல்" என்று ஒரு வரி போட்டு, ஒரு வாரம் கழித்து அதைத் திருத்திச் சுட்டியைச் செருகுவார்கள். அதனால் கணக்குத் தொடங்கிய அன்றே, முதல் பதிவாக, 7 ஆண்டுத் திரியில், சுட்டியோடு எழுதினால் மட்டுறுத்துநர் கண்ணில் நீங்களும் அவர்களில் ஒருவர்தான். முதல் பதிவில் சுட்டி வேண்டாம். பதிவுகளின் அடியில் தானாக வரும் கையொப்பத்திலும் வேண்டாம். பதிவு உடனே தெரியவில்லை என்றால் அது அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்று பொருள், மூன்று முறை அனுப்பாதீர்கள்.

சொந்தத் திரியை மேலே கொண்டுவருவது

பதில் வராத உங்கள் கேள்வியை "மேலே" என்று எழுதி ஏற்றுவதில் ஒரு பொறி இருக்கிறது. பல மன்றங்களில் 'பதில் இல்லாத திரிகள்' என்று தனிப் பட்டியல் உண்டு. உதவும் குணமுள்ள பழைய உறுப்பினர்கள் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள். உங்கள் "மேலே" ஒரு மறுமொழியாகக் கணக்காகி, திரி அந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். கண்ணில் பட வேண்டும் என்று செய்தது கண்ணில் படாமல் செய்துவிடும்.

ஒரு நாளாவது காத்திருங்கள். பிறகு முதல் பதிவைத் திருத்தி, தலைப்பைத் தெளிவாக்குங்கள், விட்டுப்போன விவரத்தைச் சேருங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் திருத்தினாலே கேள்வி மேலே வரும். டிஸ்கோர்ஸில் கடைசிப் பதிவைத் திருத்தினால் வரும். பிஎச்பிபிபி என்ற மன்ற மென்பொருளில் திருத்தம் மேலே ஏற்றாது, ஆனால் நிர்வாகி அனுமதித்திருந்தால் புதுப் பதிவு போடாமலே திரியை ஏற்றும் தெரிவு இருக்கும். எதுவும் இல்லை என்றால் புதிய தகவலோடு ஒரு மறுமொழி: "நேற்று மின்கம்பியை மாற்றிப் பார்த்தேன், பிழை எண் மாறியது." இது கெஞ்சலாகத் தெரியாது, முன்னேற்றமாகத் தெரியும்.

சிக்கல் தீர்ந்தபின் எப்படித் தீர்ந்தது என்று எழுத 2 ஆண்டு தாமதமானாலும் எழுதுங்கள். தன் திரியைத் தானே முடித்துவைப்பவரை யாரும் நெக்ரோ என்று சொல்வதில்லை.

மற்ற வகைத் தளங்கள்

ரெடிட்டில் பின்னூட்டம் இடுவதால் பதிவு மேலே வராது. வாக்கும் நேரமும்தான் அங்கே கணக்கு. பழைய பதிவில் நீங்கள் எழுதினால் பெரும்பாலும் நீங்கள் பதில் சொன்ன அந்த ஒருவருக்குத்தான் அறிவிப்பு போகும். எனவே கூச்சமில்லாமல் கேட்கலாம், ஆனால் மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. உரையாடல் செயலியான டிஸ்கார்டில் ஓய்ந்த திரிகள் 1 மணி நேரம் முதல் 1 வாரம் வரை, அமைப்பைப் பொறுத்து, தாமாக மறையும். யாராவது ஒரு செய்தி போட்டால் திரும்பி வரும். ஃபேஸ்புக் குழுக்களில் பின்தொடர்வதற்காக ஒரு புள்ளி வைப்பது தேவையற்ற வழக்கம். பதிவின் மூலையில் அறிவிப்பை இயக்கும் தெரிவு இருக்கிறது.

மற்றவர் தூண்டியபோது

"இது 2014 திரி!" என்று எழுதும் நீங்களும் அதை ஏற்றுகிறீர்கள். உங்களுக்குப் பின் மூவர் அதையே சொல்வார்கள், திரி மூன்று நாள் உச்சியில் இருக்கும். எரிச்சல் என்றால் முறையீட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு நகருங்கள். கேள்வி நல்ல கேள்வி என்றால் பதில் சொல்லுங்கள். பதிலின் முதல் வரியில் யாருக்கு என்று குறிப்பிடுங்கள்: "கடைசியாகக் கேட்டவருக்கு, 2014இல் கேட்டவருக்கல்ல." இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் மறுபடி முதல் பதிவுக்கே போவார்.

மட்டுறுத்துநர் கையில் நல்ல கருவிகள் உண்டு. புதுக் கேள்வியைப் பிரித்துத் தனித் திரியாக்கி, இரண்டிலும் ஒன்றுக்கொன்று சுட்டி வைப்பதுதான் முதல் தேர்வு. புதியவர் திட்டு வாங்காமல் அவருடைய கேள்வி சரியான இடத்துக்குப் போய்விடும். பிரிக்கும்போது தலைப்பையும் மாற்றுங்கள், பழைய தலைப்போடு விட்டால் தேடலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். விளம்பரம் ஏற்றிய திரியில் அந்தப் பதிவை நீக்கினால் பல மென்பொருள்களில் திரி தானே கீழே இறங்கிவிடும். டிஸ்கோர்ஸில் இறங்காமல் நின்றால், ஏற்ற தேதியை மீட்டமைக்கும் தெரிவு நிர்வாகப் பட்டியலில் இருக்கிறது.

எல்லாத் திரியையும் 6 மாதத்தில் தானாகப் பூட்டும் ஏற்பாடு வேலையைக் குறைக்கும், ஆனால் தவறான அறிவுரையைத் திருத்தவும் வழியில்லாமல் பூட்டிவிடும். செய்முறைப் பகுதிக்கும் கேள்விப் பகுதிக்கும் அது வேண்டாம். விற்பனைக்கும் அறிவிப்புகளுக்கும் வைக்கலாம். பூட்டினால் காரணத்தை ஒரு வரியில் எழுதி, "இது தொடர்பாகப் புதுத் திரி இங்கே தொடங்கலாம்" என்று சுட்டியும் கொடுத்துப் பூட்டுங்கள். பூட்டிய திரியில் ஆபத்தான தகவல் இருந்தால் முதல் பதிவின் தலையில், தேதியோடு, மட்டுறுத்துநர் குறிப்பாகத் திருத்தத்தைச் சேருங்கள். தேடுபொறியிலிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் அந்த இடம்தான்.